முட்டும் சிஓபிடியும் சேர்ந்து வந்தால்: யாழ்ப்பாணத்தில் எங்கே போவது, என்ன செய்வது

அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு, அதாவது ஆஸ்மா. பனிக்காலம் வந்தால் இழுக்கும், வெயில் ஏறினால் விடும். அறுபது வயதுவரை அப்படியே ஓட்டிவிட்டார். பிறகு ஒரு கட்டத்தில் விடாமல் பிடித்துக்கொண்டது. கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீரைக் குசினிக்குத் தூக்கி வந்தால் படியில் குந்திவிடுவார். ஒரு இடத்தில் ஆஸ்மா என்றார்கள். இன்னொரு இடத்தில் இது சிஓபிடி, அதாவது நாட்பட்ட சுவாச அடைப்பு நோய், ஆஸ்மா இல்லை என்றார்கள். இரண்டு வருடம், நாலு கிளினிக் கொப்பி, இரண்டு தடவை வாட்டில் இருந்தாயிற்று. கடைசியில் ஒரு வைத்தியர் அம்மாவை ஊதவிட்டுப் பார்த்து, "இரண்டும் இருக்கு" என்று சொல்லி ஒரே வரியில் எழுதிக்கொடுத்தார்.

அந்த ஒரு வரி முதலிலேயே கிடைத்திருந்தால் எவ்வளவோ மிச்சம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது. எங்கே போவது, எதைக் கொண்டுபோவது, எங்கே சறுக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

1. இரண்டு பெயரும் கொப்பியின் முதல் பக்கத்தில் ஏறட்டும்

ஆஸ்மாவில் மூச்சுக்குழாய் சுருங்கும், பிறகு விரியும். ஒருநாள் நன்றாக இருப்பார், மறுநாள் இழுக்கும். சிஓபிடியில், வருடக்கணக்காகப் புகை உள்ளே போய்க் குழாயும் காற்றுப்பைகளும் பழுதாகிவிடும். அது முழுதாகத் திரும்பாது. இரண்டும் ஒரே ஆளில் இருக்கலாம். முன்பு இதற்கென்றே தனிப்பெயர் வைத்திருந்தார்கள். சிஓபிடிக்கான சர்வதேச வழிகாட்டி 2020 முதல் அந்தப் பெயரை விட்டுவிட்டு, இரண்டு நோயும் ஒருவரிடம் இருப்பதாகவே எழுதச் சொல்கிறது. ஆகவே உங்கள் துண்டில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழம்ப வேண்டாம்.

யாரைச் சந்தேகிக்கலாம்? சின்ன வயதில் முட்டு இருந்தவர், நாற்பது தாண்டியவர், நல்ல நாட்களிலும் இளைப்பவர், காலையில் சளி எடுப்பவர். கூடவே புகை. இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். அம்மா சுருட்டுப் பிடித்தவர் இல்லை, ஆகவே சிஓபிடி வராது என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். நாற்பது வருடம் பொச்சும் கங்குமட்டையும் ஊமலும் எரித்த அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தவர் என்பதை ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நீங்கள் கேட்காமலே சொல்லுங்கள்: எத்தனை வருடம் விறகடுப்பு, எத்தனை வருடம் சுருட்டு அல்லது பீடி, புகையிலைப் போறணையில் வேலை செய்தவரா, எல்லாவற்றையும்.

ஏன் இரண்டு பெயரும் வேண்டும்? ஆஸ்மா இருக்கிறதென்றால், மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்ட் பம்ப் (வாயால் இழுக்கும் இன்ஹேலர்) கட்டாயம். சிஓபிடி மட்டும் என்று நினைத்து, குழாயை நீண்டநேரம் விரிக்கும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஆஸ்மாக்காரருக்கு அது ஆபத்து. சிஓபிடி இருக்கிறதென்றால், அவசரத்தில் ஒட்சிசனை அளந்து கொடுக்க வேண்டும். ஒரு பெயர் மட்டும் எழுதியிருந்தால் பார்க்கிறவர் பாதி நோய்க்குத்தான் மருந்து தருவார்.

2. எங்கே தொடங்குவது, பையில் என்ன இருக்க வேண்டும்

பக்கத்து ஆஸ்பத்திரியில் தொடங்குங்கள். தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. நகரத்தை அண்டியவர்களுக்குப் போதனா வைத்தியசாலை, எங்கள் பேச்சில் பெரியாஸ்பத்திரி. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, அங்கிருந்து மருத்துவக் கிளினிக்குக்கோ சுவாசநோய்க் கிளினிக்குக்கோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். குடும்ப வைத்தியர் ஒருவரின் கடிதம் இருந்தால் வேலை கெதியாக நடக்கும்.

இரண்டு மூன்று கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளிப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான். "ஊர் என்ன சொல்லும்" என்று அம்மா ஒரு மாதம் இழுத்தடித்தார். அந்த ஒரு மாதம் வீண்.

பையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பிகள் எல்லாம், வாட்டிலிருந்து வரும்போது தந்த டயக்னோசிஸ் காட், எக்ஸ்ரே படங்கள், கடைசி இரத்தப் பரிசோதனை. பிறகு வீட்டில் பாவிக்கும் மருந்து அத்தனையும், பெட்டியோடு. கண்ணுக்கு விடும் துளி மருந்தும், மூட்டு நோவுக்குக் கடையில் வாங்கிய குளுசையும் சேர்த்து. பெயரைச் சொல்லலாம் என்று போகாதீர்கள். "வெள்ளைக் குளுசை, நடுவில கோடு" என்றால் பாவம், வைத்தியர் என்ன செய்வார்.

ஒவ்வொரு இடத்திலும் புதுக் கொப்பி திறப்பதுதான் பெரிய பொறி. பழையது வீட்டில் கிடக்கும், புதியதில் ஒன்றும் இருக்காது. பழைய கொப்பிகளை நூலால் கட்டியாவது ஒன்றாக வைத்திருங்கள். முக்கியமான பக்கங்களைப் போனில் படம் பிடித்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

செலவு: அரச வைத்தியசாலையில் பார்ப்பதும் மருந்தும் பரிசோதனையும் இலவசம். கைக்காசு போவது ஓட்டோவுக்கும், அங்கே இல்லாத மருந்துக்கும். தனியாரில் சனல் பண்ணுவதென்றால் வைத்தியரின் கட்டணம் வேறு, ஆஸ்பத்திரிக் கட்டணம் வேறு. போனில் கேட்கும்போது இரண்டையும் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். நேரம்: கிளினிக் நாளில் காலை முழுவதும் போய்விடும் என்று நினைத்தே போங்கள். இலக்கம் எடுக்க ஒருவர் முன்னுக்குப் போய் நின்றால் வருத்தக்காரர் ஆறுதலாக வரலாம். அவசரப் பம்ப், தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு கையில் இருக்கட்டும்.

3. ஊதிப் பார்க்கும் பரிசோதனை

ஸ்பைரோமெட்ரி என்று எழுதுவார்கள். இது இல்லாமல் இரண்டு பெயரையும் உறுதியாக எழுத முடியாது. எக்ஸ்ரே போதாது. இருந்தும் எங்களுக்கு எக்ஸ்ரே ஐந்து தடவை எடுத்தார்கள், ஊதவிட்டது கடைசியில்தான். நீங்களாகவே கேளுங்கள்.

திகதி தரும்போது எந்த மருந்தை எத்தனை மணித்தியாலத்துக்கு முன் நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். வழமையாக, குழாயை உடனே விரிக்கும் சல்பியூட்டமோல் பம்பை 4 முதல் 6 மணித்தியாலம், நாளுக்கு இரண்டு தடவை எடுக்கும் நீண்டநேர மருந்தை 24 மணித்தியாலம், நாளுக்கு ஒரு தடவை எடுப்பதை 36 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் நிறுத்தச் சொல்வார்கள். நடுவில் மூச்சு முட்டினால் மருந்தை எடுத்துவிட்டு, எடுத்தேன் என்று சொல்லுங்கள். இன்னொரு திகதி கிடைக்கும்.

அண்மையில் கண்ணில் கற்றரக்ட் சத்திரசிகிச்சை செய்தவர், மாரடைப்பு வந்தவர், சளியில் இரத்தம் கண்டவர் கட்டாயம் முதலிலேயே சொல்ல வேண்டும். ஊதும்போது உடம்புக்குள் அழுத்தம் ஏறும்.

வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். இறுக்கமான சட்டை வேண்டாம். மூக்கைக் கிளிப்பால் பூட்டி, முழு மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் வெடித்தது போல ஊதி, இனி இல்லை என்னும்வரை தொடர வேண்டும். அம்மா முதல் தடவை விளக்கை அணைப்பது போல மெல்ல ஊதினார். மூன்று தடவையாவது சரியாக வர வேண்டும் என்பதால் திரும்பத் திரும்ப ஊதவிட்டார்கள். பிறகு நாலு இழுப்பு சல்பியூட்டமோல் தந்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதல்.

தாளில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, மருந்துக்குப் பிறகும் முதல் ஒரு செக்கனில் வரும் காற்றுக்கும் மொத்தக் காற்றுக்கும் உள்ள விகிதம் 0.7ஐ விடக் குறைவாக இருந்தால் நிரந்தர அடைப்பு, அதாவது சிஓபிடிப் பக்கம். இரண்டு, மருந்துக்குப் பிறகு அந்த முதல் செக்கன் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால் ஆஸ்மாவின் சாயல் இருக்கிறது. இரண்டும் ஒரே தாளில் வரலாம். கூடவே முழு இரத்தக் கணக்கில் ஈசினோபில் என்ற வெள்ளைக் கலத்தின் எண்ணிக்கையையும் பாருங்கள். அது 300 அல்லது அதற்கு மேல் என்றால் ஸ்டீராய்ட் பம்ப் நன்றாக வேலை செய்யும் என்பதற்கு ஒரு அடையாளம். அந்தத் தாளின் பிரதி ஒன்றை வாங்காமல் வர வேண்டாம்.

தடிமன், காய்ச்சல் உள்ள கிழமையில் இந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டாம். முடிவு பிழையாக வரும்.

4. பம்ப்: எல்லாமே இங்கேதான் பிழையாகப் போகிறது

மருந்தெடுக்கும் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சி இருந்தார். என்னைப் பார்த்து, "பிள்ளை, இந்தக் குளுசை விழுங்கினா தொண்டையில ஒட்டுது. உங்கட அம்மாவுக்கும் அப்பிடியோ?" என்று கேட்டார். காட்டுங்கள் என்றேன். பையைத் திறந்தால் பவுடர் கப்சூல். ரோட்டாஹேலரில் போட்டு உறிஞ்ச வேண்டியது. ஒரு மாதமாகத் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். கருவி பெட்டி திறக்காமல் அப்படியே கிடந்தது. மிஸ்ஸை, அதாவது தாதியைக் கூப்பிட்டுக் காட்டியதும், "அட கோதாரி!" என்று ஆச்சி தலையில் கைவைத்தார். முட்டு ஏன் குறையவில்லை என்று அந்த மாதம் இரண்டு தடவை வாட்டில் வேறு இருந்திருக்கிறார்.

சிரிக்க வேண்டாம். அம்மாவும் ஒரு வருடம் பம்பைத் தொண்டைக்குத் தெளித்துக்கொண்டிருந்தார், நெஞ்சுக்கு அல்ல. ஆகவே முதல் நாளே கிளினிக்கில், அந்த இடத்திலேயே, ஒரு தடவை செய்து காட்டி, சரியா என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும்.

அமத்தும் பம்ப் என்றால்: மூடியைக் கழற்றிக் குலுக்குங்கள். மூச்சை வெளியே விடுங்கள். உதட்டால் இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அமத்துங்கள். தொடர்ந்து ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்திருங்கள். அடுத்த இழுப்புக்கு முன் அரை நிமிடமாவது பொறுங்கள்.

கப்சூல் கருவி என்றால் இதற்கு நேர்மாறு. கப்சூலைப் போட்டுத் திருகி உடைத்து, கருவிக்கு வெளியே மூச்சை விட்டு, பிறகு வேகமாகவும் பலமாகவும் உறிஞ்ச வேண்டும். கருவிக்குள் ஊதினால் பவுடர் ஈரமாகிக் கட்டிபடும். உறிஞ்சிய பிறகு திறந்து பாருங்கள், பவுடர் மிச்சம் இருந்தால் இன்னொரு தடவை உறிஞ்சுங்கள். கப்சூலை ஈரக்கையால் தொடக்கூடாது. எங்கள் மழைக்காலத்து ஈரத்தில் வெளியே எடுத்து வைத்த கப்சூல் பிசுபிசுத்துவிடும். தேவைப்படும்போது மட்டும் ஒன்றை எடுங்கள்.

கை நடுங்குகிற, மூச்சு ஒத்துவராத வயதானவர்களுக்கு ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவை பெரிய உதவி. நெபுலைசர் வாங்கக் காசு சேர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் ஸ்பேசர் வாங்குங்கள். விலையும் குறைவு, பெரும்பாலான நேரம் பலனும் அதேதான். ஒரு தடவைக்கு ஒரு அமத்தல் மட்டும். நாலு தடவை சேர்த்து அமத்திவிட்டு இழுத்தால் மருந்து குடுவைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு தடவை சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உராய்வு மின்னால் மருந்து ஒட்டும்.

அடுத்தது, எது அவசரத்துக்கு, எது தினமும். சல்பியூட்டமோல் உடனே குழாயை விரிக்கும், சில மணித்தியாலத்தில் அதன் வேலை முடிந்துவிடும். ஸ்டீராய்ட் உள்ளது உடனே ஒன்றும் செய்வது போலத் தெரியாது, கிழமைக்கணக்கில் வேலை செய்யும். ஆகவே சனம் செய்வது என்ன? உடனே சுகம் தருவதை நாள் முழுவதும் அடித்து, மற்றதை "சுகமாயிட்டுது" என்று நிறுத்திவிடுவார்கள். அம்மாவின் கதையும் அதுதான். ஆஸ்மாக்காரர் ஒருவருக்கு வருடத்தில் 200 இழுப்புள்ள சல்பியூட்டமோல் பம்ப் மூன்று முடிந்தாலே நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மாதம் ஒன்று முடிகிறதென்றால் அது உயிருக்கே ஆபத்தான கணக்கு.

"ஸ்டீராய்ட் உடம்பைக் கெடுக்கும், பம்ப் பிடித்தால் பழகிவிடும்" என்று அயலில் சொல்லாத ஆள் இல்லை. கணக்குப் பாருங்கள். ஸ்டீராய்ட் பம்பான புடெசொனைட் ஒரு இழுப்பு 200 மைக்ரோகிராம். ஸ்டீராய்ட் மாத்திரையான பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம் குளுசை ஒன்று 5000 மைக்ரோகிராம். பம்பை விட்டுவிட்டு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தக் குளுசை ஒரு நாளைக்கு எட்டு தருவார்கள். எது கூட என்று நீங்களே பாருங்கள். பம்பால் வரக்கூடியது வாயில் வெள்ளை படிவதும் குரல் கரகரப்பதும். ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. சிஓபிடியும் உள்ளவர்களுக்கு நியூமோனியா வரும் வாய்ப்புக் கொஞ்சம் கூடும். காய்ச்சலோடு சளி நிறம் மாறினால் காத்திருக்க வேண்டாம்.

முடியும் நாளை முன்னரே கணக்குப் பண்ணுங்கள். 120 இழுப்புள்ள பம்பை காலை இரண்டு, இரவு இரண்டு என்று பாவித்தால் சரியாக 30 நாள். தொடங்கிய திகதியைப் பம்பிலேயே பேனாவால் எழுதுங்கள். எண் காட்டாத பம்பைக் குலுக்கிப் பார்த்து "இன்னும் இருக்கு" என்பது ஏமாற்று. மருந்து முடிந்த பிறகும் உள்ளே காஸ் சத்தம் போடும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் வேண்டாம்.

5. மருந்து இல்லாத மாதமும் வெளிநாட்டுப் பார்சலும்

2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்டது போதும். ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் வெளியே வாங்கத் துண்டு தருவார்கள். அந்தத் துண்டில் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். முதலில் அரச மருந்தகமான ஒசுசலவில் கேளுங்கள், பிறகு தனியார் பாமசிகளில். ஒரே மருந்து வெவ்வேறு கம்பனிப் பெயரில் வெவ்வேறு விலைக்கு இருக்கும். விலை குறைந்தது எது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் கருவி மாறினால், அதாவது அமத்தும் பம்புக்குப் பதில் பவுடர் தந்தால், பாவிக்கும் முறையும் மாறும். கேட்டுப் பழகாமல் வீட்டுக்கு வர வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் பம்ப் நல்ல மனதோடு வருவது, ஆனால் கவனம். நிறத்தை நம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை வாசியுங்கள். அமெரிக்கப் பெட்டியில் அல்பியூட்டெரோல் என்று இருந்தால் அது எங்கள் சல்பியூட்டமோல்தான். எங்கள் வீட்டுக்கு மாமா ஒருவர் தனக்கு நல்ல சுகம் என்று தன்னுடைய சிஓபிடிக் கருவியையே அனுப்பினார். நாளுக்கு ஒரு தடவை போதும் என்றதும் அம்மாவுக்குச் சந்தோசம். கிளினிக்கில் காட்டியபோதுதான் தெரிந்தது, அதில் ஸ்டீராய்ட் இல்லை. மாமாவுக்குச் சரி, ஆஸ்மாவும் உள்ள அம்மாவுக்கு அது மட்டும் எடுப்பது பிழை.

6. மற்றக் கிளினிக்குகளுக்கும் இதைச் சொல்லுங்கள்

இது என்னுடைய பிழை. கண் அழுத்தத்துக்கு அம்மாவுக்கு ஒரு துளி மருந்து எழுதினார்கள். கண்ணுக்குத்தானே என்று நெஞ்சுக் கொப்பியை நான் கொண்டுபோகவில்லை. மூன்று இரவு அம்மா படுக்க முடியாமல் கதிரையில் இருந்தார். பம்ப் வாங்கப் போன இடத்தில் பாமசிக்காரர், "வேற என்ன மருந்து புதுசாத் தொடங்கினீங்கள்?" என்று கேட்டார். அது டிமோலோல். கண்ணில் விட்டாலும் இரத்தத்தில் ஏறி மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. கண் கிளினிக்கில் சொன்னதும் வேறு துளி தந்தார்கள், அடங்கியது.

இந்தப் பட்டியலை எழுதிப் பையில் வையுங்கள். டிமோலோல் கண் துளி. புரொப்ரனோலோல் குளுசை, இது தலையிடிக்கும் கைநடுக்கத்துக்கும் எழுதப்படும். அஸ்பிரின், டைக்குளோபெனக், ஐபுபுரோபென் போன்ற நோக்குளுசைகள், ஆஸ்மாக்காரரில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் குளுசை எடுப்பவர் என்றால் இன்னொரு பொறி: சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லி தொடங்கினால் தியோபிலின் இரத்தத்தில் கூடும். சத்தி (வாந்தி), நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம் வந்தால் உடனே காட்டுங்கள். சுருட்டை நிறுத்தினாலும் அதன் அளவு கூடும். ஆகவே நிறுத்தியதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

7. வீட்டுக்குள்

புகைப்பவர் என்றால் நிறுத்துவதை விடப் பெரிய மருந்து இல்லை. 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நிறுத்த உதவி செய்வார்கள். வீட்டில் மற்றவர் புகைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

விறகடுப்பை ஒரேயடியாக விடச் சொன்னால் நடக்காது. காஸ் விலை தெரியும்தானே. நாங்கள் செய்தது, சோறும் தேத்தண்ணியும் காஸில். விறகில் சமைக்க வேண்டியதை வளவுக்குள் வெளியடுப்பில் வேறு ஆள் சமைக்கிறார். ஈரப் பொச்சு வேண்டாம், புகை அதில்தான். நுளம்புத்திரிக்குப் பதில் நுளம்புவலை. சாம்பிராணிக்கு அம்மா விட்டுத் தரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் அவர் முற்றத்தில் இருக்கும்போது என்று உடன்படிக்கை. வளவுக் குப்பை எரிக்கும் அயலவரிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறோம்.

மாதத்தைப் பொறுத்தும் கவனம் மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடிமனும் சுவரில் பூஞ்சணமும். தையில் சூடடிப்புத் தூசு. தை, மாசியில் விடியப்புறப் பனி. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதி மணல், கற்பூரம், சனம். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, முகக்கவசத்தோடு சனம் குறைந்த நேரத்தில் போகலாம். 2022 டிசம்பரில் புயலோடு மாசுக்காற்று வந்து பாடசாலைகளைக்கூட ஒருநாள் மூடினார்கள். அப்படியான நாளில் யன்னலைச் சாத்தி உள்ளே இருங்கள்.

8. மூச்சு இறுக்கும் நாளுக்கு ஒரு தாள்

வைத்தியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி, குளிர்சாதனப் பெட்டியிலோ சாமியறைக் கதவிலோ ஒட்டுங்கள். எங்கள் தாளில் இருப்பது:

இளைப்பு வழமையை விடக் கூடி, சளி கூடி அல்லது மஞ்சள் பச்சையாகி இரண்டாவது நாள் என்றால் கிளினிக் நாள் வரை பார்த்திருக்காமல் வைத்தியரிடம் போவது. பிரெட்னிசொலோன் தந்தால் வழமையாக 40 மில்லிகிராம், 5 நாள், காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு. நீரிழிவு உள்ளவருக்கு அந்த நாட்களில் சீனி ஏறும், அளந்து பாருங்கள். போன தடவை தந்த துண்டை வைத்து நீங்களாகவே பாமசியில் வாங்குவது வேண்டாம். வருடத்தில் இரண்டாவது தடவை அந்தக் குளுசை தேவைப்பட்டால் தினமும் எடுக்கும் மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

திடீரென்று முட்டினால்: நிமிர்ந்து இருத்தி, முன்னுக்குச் சாய்ந்து, கையை மேசையிலோ முழங்காலிலோ ஊன்றவிடுங்கள். படுக்கவைக்க வேண்டாம். சல்பியூட்டமோலை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 முதல் 10 இழுப்பு. 20 நிமிடத்தில் குறையாவிட்டால் திரும்பவும், அதேநேரம் போனை எடுங்கள். சூடான தேத்தண்ணியை ஊதி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சைவிடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று "பயப்பிடாதேங்கோ" என்று பத்துப்பேர் கத்துவதை விட, ஒருவர் முன்னால் இருந்து சேர்ந்து ஊதுவது உதவும்.

ஒரு வசனம் முடிக்க முடியவில்லை, உதடு நீலம், தூங்கி விழுகிறார் அல்லது கதை குழம்புகிறது, இழுப்புச் சத்தமே நின்று நெஞ்சு அமைதியாகிவிட்டது: இவற்றில் எது வந்தாலும் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோ பிடித்து அலைய வேண்டாம். ஒழுங்கைக்குள் வீடு என்றால் ஒருவரைச் சந்தியில் நிற்கவிடுங்கள். வந்தவர்களிடம் முதல் வார்த்தையாக, "ஆஸ்மாவும் சிஓபிடியும் இரண்டும் இருக்கு" என்று சொல்லிக் கொப்பியைக் கையில் கொடுங்கள். சிஓபிடி உள்ளவருக்குப் பொதுவாக ஒட்சிசன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். கூடக் கொடுத்தால் சிலருக்குக் கரியமிலவாயு தேங்கி மயக்கம் வரும். 100 ஆக்குங்கோ என்று வாட்டில் சண்டை பிடிக்கும் சொந்தக்காரரை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொந்தக்காரர் நான்தான்.

விரலில் மாட்டிப் பார்க்கும் ஒட்சிமீற்றர் வீட்டில் இருந்தால் நல்ல நாளிலும் அளந்து குறித்து வையுங்கள். உங்கள் ஆளின் வழமை தெரிந்தால்தான் குறைந்ததா என்று தெரியும். குளிர்ந்த கையும் நகப்பூச்சும் பிழையான எண் காட்டும்.

9. வீட்டில் ஒட்சிசன் இயந்திரம்

எல்லோருக்கும் தேவையில்லை. இளைப்பு இருக்கிறதென்று வாங்குவதும் இல்லை. உறுதியான நிலையில் இருக்கும்போது இரத்தத்தில் ஒட்சிசன் 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்று உறுதியானவருக்கே, நாளுக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுக்கச் சொல்வார்கள். வைத்தியர் எழுதிய லீற்றர் அளவை நீங்கள் கூட்டக் கூடாது.

வாங்கும் விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், மின்சாரக் கட்டணத்தைப் பாருங்கள். 350 வாட் இயந்திரம் 15 மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு ஐந்து அலகுக்குச் சற்று மேல், மாதம் ஏறக்குறைய 158 அலகு. வீட்டுப் பாவனையோடு சேரும்போது 180 அலகைத் தாண்டி மேல் படிக்கட்டணத்தில் ஏறிவிடுவீர்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் வாங்கும்முன் யோசியுங்கள், நிரப்பிய சிலிண்டர் ஒன்று தேவைப்படும். இயந்திரம் ஓடும் அறையில் குத்துவிளக்கு, சாம்பிராணி, சிகரெட் ஒன்றும் கூடாது. விற்பவரிடம் கேட்பதற்கு முன், ஊரில் பாவித்து முடித்தவர்கள், இரவல் கொடுக்கும் நலன்புரிச் சங்கங்கள் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

10. ஊசி, நடை, அடுத்த திகதி

வருடம் ஒரு தடவை போடும் இன்புளுவென்சா ஊசி, வருடாவருடம் தேவையில்லாத நியூமோகொக்கல் (நியூமோனியாத் தடுப்பு) ஊசி இரண்டையும் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். மழைக்கு முன், புரட்டாசிக்குள் போட்டால் நல்லது.

இளைக்குது என்று ஒரே இடத்தில் இருந்தால் கால் தசை கரைந்து இன்னும் இளைக்கும். இயன்மருத்துவப் பிரிவுக்கு ஒரு கடிதம் கேளுங்கள். மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் ஆறு முதல் எட்டுக் கிழமை சொல்லித் தருவார்கள். அம்மா பின்னேரத்தில் கிணற்றடிவரை ஒரு சுற்று என்று தொடங்கி, இப்போது வளவை நாலு சுற்று வருகிறார். நடுவில் வேலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவோடு கதைப்பதும் அதில் சேர்த்தி.

வாட்டிலிருந்து வீட்டுக்கு விடும் நாளில் அவசரப்பட்டு ஓட்டோவில் ஏற வேண்டாம். கட்டிலில் இருந்தபடியே டயக்னோசிஸ் காட்டை வாசியுங்கள். இரண்டு பெயரும் இருக்கிறதா, எந்த மருந்து நின்றது, எது புதிது, கிளினிக் எப்போது. அந்தத் திகதி போயா நாளிலோ வேறு லீவு நாளிலோ விழுகிறதா என்று கலண்டரில் பாருங்கள். விழுந்தால் மிஸ்ஸிடம் அங்கேயே கேட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க வேண்டிவரும், பம்பிலும் மருந்து முடிந்திருக்கும்.